பேசாமல் அமுக்குகிறவர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அதே தொல்லை. யாரோ ரேடியோவில் பேசும் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமலே இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி மாடியில் இருக்கும் எங்கள் ரிப்பீட்டருக்கு என்ன தெரியும்? சின்ன ரேடியோக்களில் வருவதை வாங்கி ஊருக்கெல்லாம் அனுப்புவதுதான் அதன் வேலை. மூன்று நிமிடம் பொறுத்துவிட்டுத் தானாகவே துண்டித்துவிடுகிறது. லைசென்ஸ் என் பெயரில் என்பதால் ஹாம் ரேடியோ கிளப்பில் எல்லாரும் என்னைத்தான் பிடுங்குகிறார்கள். ஆத்திரத்தில் மைக்கை எடுத்து, "யாருப்பா அது, வேற வேலை இல்லையா?" என்று கத்திவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

வயர்லெஸ் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து போன். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். மறு உத்தரவு வரை ரிப்பீட்டர் தானியங்கியாக ஓடக் கூடாதாம். ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் ஓட்டலாம். மீறினால் லைசென்ஸ் போய்விடும். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

மார்ச் 7

மருந்துக்கடை வேலை முடிந்து நேரே ரிப்பீட்டர் இருக்கும் மாடி அறை. ஃபேன்கூட இல்லை. ஸ்விட்ச்சிலேயே கை. ஒரேயடியாக நிறுத்தித் தொலைக்கலாமா?

மார்ச் 9, ஞாயிறு

மறுபடி அந்தப் பேசாத அமுக்கல் வந்தது. துண்டிக்கப் போனேன் — மூச்சு. அழுகையை அடக்குகிற மூச்சு. மெஷின் இதையெல்லாம் கேட்குமா?

பட்டனை விட்டதும், "உதவி வேணுமா? வேணும்னா ரெண்டு தடவை அமுக்குங்க" என்றேன்.

ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அந்த இரண்டாவதில், பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்: "யார்கூடடி பேசுற?"

எங்கள் வீட்டு மாப்பிள்ளையின் குரல்.

தங்கச்சி! என்னோடு சேர்ந்து பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவள். கல்யாணத்துக்குப் பிறகு ரேடியோவுக்கு நேரமில்லை என்று சொன்னது அவளா, அவரா? போன் அடித்தாலும் அவர்தானே எடுக்கிறார். ஐயோ, அவளையா திட்டினேன். பயமா இருக்கு. வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவை எழுப்பி உட்கார வைத்திருக்கிறேன்.

மார்ச் 10

விடிந்ததும் தங்கச்சி வீட்டு வாசலில் அப்பா, நான், இரண்டு போலீஸ்காரர்கள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார், "வாங்க மாமா" என்றார். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. தங்கச்சி செருப்புகூடப் போடாமல் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"போயிடலாம்க்கா."

மார்ச் 14

எங்கள் தெருமுனையில் மாப்பிள்ளையின் பைக் நின்றதாம். அப்பா பார்த்திருக்கிறார். தங்கச்சியிடம் சொல்லவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

அதிகாரி கூப்பிட்டார். புதிதாகப் புகார் எதுவும் இல்லை, பழையபடி தானியங்கியாக ஓட்டிக்கொள்ளலாம் என்றார். சரி சார் என்றேன். ஆனால் ரிப்பீட்டரை மாற்றவில்லை. சாயங்காலம் மாடி அறைக்குத் தங்கச்சியும் கூட வந்தாள். கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.