அம்மாவின் கல்லில் உன் பெயர்

மே மாதம், 1986

அன்பு மகள் சியூயுனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஜப்பானில் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இருமல்கூட இந்தத் தடவை சீக்கிரம் விட்டுவிட்டது. அம்மா போய்விட்ட தந்தி கிடைத்ததும் தொழிற்சாலையில் லீவு தரவில்லை, வர முடியாமல் போயிற்று என்று அழுது எழுதியிருந்தாய். அதற்காக அழாதே. வந்திருந்தாலும் முகம் பார்த்திருக்க முடியாது. அன்றைக்குக் காலையில் அம்மா உப்பில் கோஸ் ஊறவைத்த ஜாடியைத் திறந்து மேலே இருந்த பாரக் கல்லைத் தூக்கித் தரையில் வைத்தாள், அப்புறம் போய்ப் படுத்தாள், அவ்வளவுதான். பனியில் மண் இறுகிக் கிடந்ததால் நெருப்பு மூட்டி இளக்கிக் குழி வெட்டினார்கள். எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை, இன்னும் வரவில்லை. ஜாடிக்குள் இருந்ததெல்லாம் கெட்டுப்போய்ப் பன்றிக்குப் போட்டேன்.

அதற்கு முந்தின கடிதத்தில் நீ அம்மாவிடம் ஒன்று கேட்டிருந்தாய். அங்கே பள்ளிக்கூடத்தில் பேரனைச் சீனாக்காரன், திரும்பிப் போ என்கிறார்கள், இங்கே உன்னைச் சின்ன வயதில் ஜப்பான் பேய்க்குட்டி என்றார்கள், மாமா ஒரு நாள்கூட நீ உட்கார்ந்த மேஜையில் சாப்பிட்டதில்லை, பேரனுக்கு என்ன சொல்வது என்று. அவள் பதில் எழுதுவதற்குள் போய்விட்டாள். அதனால் நான் எழுதுகிறேன். வீட்டில் நாங்கள் இதைப் பேசியதே இல்லை. நீ எங்களிடம் வருவதற்குச் சில வருஷம் முன்னால், இங்கே ஜப்பான் ஆட்சி நடந்தபோது, அவர்களுடைய அதிகாரிகள் வந்து அம்மா வீட்டு நிலத்தை அளந்தார்கள். பேருக்கு ஏதோ கொடுத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டு, அறுவடைக்கு முன்னால் காலி பண்ணச் சொன்னார்கள். உன் அம்மாவின் அப்பா வீட்டுக் கதவைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு நடந்தார். கதவை எதற்கு எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஜப்பானிலிருந்து குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்களும் அங்கே கஞ்சிக்கு இல்லாதவர்கள்தான், வெறும் நிலம் இருக்கிறது போங்கள் என்று அனுப்பினார்களாம். வெறும் நிலத்தில் சோளம் தானாகவா முளைத்து நின்றது? மாமா தன் சொந்த வயலிலேயே அவர்களுக்குக் கூலியாகக் களையெடுத்தார். மாமாவுக்குத் தம்பி ஒருவர் இருந்தார், தியன்லூ என்று பெயர், உனக்குச் சின்ன மாமா. சந்தைக்குப் போனவரை வழியில் லாரியில் ஏற்றி எல்லையில் படைக்காரர்கள் கட்டிய கோட்டைக்கு மண் சுமக்கக் கொண்டுபோனார்கள். அந்த லாரியில் போன ஒருவரும் திரும்பவில்லை.

பிறகு ஜப்பான் தோற்றது. படைக்காரர்கள் முதலில் ஓடிவிட்டார்கள், குடியேறியவர்களின் பெண்டு பிள்ளைகள்தான் மிச்சம். குளிர்காலம் வந்ததும் அவர்கள் தானியக் கிடங்கில் கூட்டமாகக் கிடந்து காய்ச்சலிலும் பசியிலும் செத்தார்கள். அம்மா அங்கே போய் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என்னிடம் கேட்கவில்லை. உன்னைப் பெற்றவர்கள் எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, அந்த வீடாகவே இருந்தாலும் இருக்கலாம். அன்று சாயங்காலம் மாமா வந்தார். அம்மா உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மாமா வாசலிலேயே நின்று, "தம்பி கிண்ணத்துலயா இதுக்குக் கஞ்சி ஊத்துற?" என்று கேட்டார். அம்மா திரும்பிப் பார்க்காமல், "கிண்ணம் சும்மாதானே இருக்கு" என்றாள். அன்றிலிருந்துதான் மாமா நம் வீட்டில் கை நனைக்கவில்லை. உன்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை, எப்போதும் அது, இது என்பார். உன்னை அடித்ததும் இல்லை என்பதையும் நான் சொல்ல வேண்டும்.

ஏப்ரலில் முன்னோர் கல்லறையைக் கும்பிடும் நாளுக்கு முன்னால் அம்மாவுக்குக் கல் நட ஏற்பாடு செய்தேன். கல் செதுக்குகிறவர் யூஃபெங் என்று அம்மா பெயரை எழுதிவிட்டு, பிள்ளைகள் பெயர் என்ன போடுவது என்று கேட்டார், மகள் ஹோவ் சியூயுன் என்றேன். மாமா பக்கத்தில் நின்றிருந்தார். அவர் சத்தம் போடவில்லை. "கிடங்குல செத்தவங்களுக்கு மேட்டுல கல்லு நட்டு வச்சிருக்கு, நீயும்தான் பாத்திருக்க. நம்ம நிலத்தைப் புடுங்கினவனுக்கெல்லாம் கல்லு இருக்கு மாப்ள. என் தம்பிக்கு ஒரு பிடி மண்ணு இல்ல. இப்ப என் தங்கச்சி கல்லுலயும் அது பேரா?" என்றார். நான், "அவ பேரு இல்லன்னா யூஃபெங் யாருக்கு அம்மா, மச்சான்?" என்று கேட்டேன். அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கல் நட்ட அன்று வரவில்லை. உன் பெயர் போட்டிருக்கிறது, எழுத்து நன்றாக விழுந்திருக்கிறது. ஊரில் சிலர் என்னோடு பேசுவதில்லை, பேசாவிட்டால் போகிறது.

நேற்று மத்தியானம் மாமா வந்தார். டீ ஊற்றிக் கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அந்தக் கோட்டைக்குக் காவல் நின்ன படைக்காரங்க அவங்க ஊர்ல இன்னும் உசுரோட இருப்பாங்கல்ல?" என்றார். இருப்பார்கள், நம் வயதுதான் இருக்கும் என்றேன். "அப்ப சியூயுன்கிட்ட எழுதிக் கேளு. எங்க பொதைச்சாங்கன்னு மட்டும் சொன்னாப் போதும், வேற ஒண்ணும் கேக்க வேணாம்" என்றார். உன் பெயரை அவர் வாயால் நான் கேட்டது இதுதான் முதல் தடவை. டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

உன்னைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே கூப்பிட்டுக்கொண்ட, உன்னோடு பிறந்த அண்ணன் அந்த ஊர்க்காரர், அவருக்குப் படையில் இருந்த வயதானவர்கள் யாரையாவது தெரிந்திருக்கும். பேரனுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, நடந்ததைச் சொல், அவனே பார்த்துக்கொள்வான். குளிரில் வெறுங்காலோடு நிற்காதே, தொழிற்சாலையில் நின்றுகொண்டே சாப்பிடாதே. மூன்று பேரும் தீர்க்காயுசாக இருங்கள், அம்மாவின் ஆசியும் உங்களோடு இருக்கும். மறக்காமல் குறித்துக்கொள்: சின்ன மாமா பெயர் லுவான் தியன்லூ. போனபோது மீசை அரும்பாத வயது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ஒட்டியது, தொட்டால் முண்டு தெரியும். யாரும் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டேன் என்று ஒரு வரி எழுது. மாமாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹோவ் தெஷான்