ஏழு பேர்ச்சும் ஒரு குழாயும்

அன்புள்ள மகளின் அப்பாவுக்கு,

இரவு வெகு நேரம் கழித்துத்தான் எழுத உட்கார முடிந்தது. மகள் இப்போதுதான் தூங்கினாள். ஒரு மாதமாக நீங்கள் போனை எடுக்காததால், கொழும்புக் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

கீழ் லயத்து வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுபோக, நம்முடைய ஏழு பேர்ச் காணியில் வழி கேட்டு ஒரு அதிகாரி வந்தார். நான் கிளினிக்கிலிருந்து திரும்புவதற்குள் உங்கள் அப்பா காணியின் நடுவைக் காட்டி, படிவத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். நீங்கள் அறை கட்ட முளை அடித்த இடம் அது.

"என்ன மாமா, என்னைய கேக்காமப் போட்டுட்டீங்களே?"

"தொரைமாரு வந்து கேக்கையில முடியாதுன்னா சொல்றது? தோட்டத்துல வேல செஞ்ச நாப்பது வருசத்துல சொன்னதில்லையே புள்ள."

"அவரு தொரை இல்ல மாமா. நம்மகிட்ட அனுமதி கேட்டு வந்தவரு."

"அப்ப நீயே பேசிக்க. படிச்சவதானே."

வாசலில் நின்றிருந்த அதிகாரியிடம் பேசினேன். காணி உறுதிப் பத்திரத்தில் இருப்பது நம் இருவர் பெயர்தான், மாமாவின் கையெழுத்து செல்லாது என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. வேலி ஓரமாகக் கொண்டுபோகச் சம்மதித்து, புதுப் படிவத்தில் அப்படியே எழுதினார். வெட்டும் குழியைச் சுற்றித் தகரம் அடிக்கவும் கேட்டுக்கொண்டேன். மகள் இப்போது நடக்கிறாள்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருபதாம் திகதிக்குள் நீங்களும் நேரில் வந்து போடாவிட்டால் குழாய் வேறு பக்கம் போய்விடும். கீழ் லயத்தில் உங்கள் அக்கா இன்னும் குடம்தான் தூக்குகிறார்.

நீங்கள் கோபித்துக்கொண்டு போன அன்று மாமா உங்களைப் பேசியதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. கையெழுத்துக்காக மட்டும் வருவதென்றாலும் வாருங்கள். என்றைக்கு வருவீர்கள் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி