கிழக்கே மட்டும் போகும் டிக்கெட்

பார்க் எக்ஸ்டென்ஷன்,
மொன்றியல்.
25.01.1998

அன்புள்ள றோசாவுக்கு,

பாலா எழுதுகிறேன். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீயும் அல்பேட் அண்ணையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும். நாங்கள் இருக்கிறோம். சுகமாக என்று சேர்த்து எழுதக் கை வரவில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டுப் புதினம். சொன்னால் சிரிப்பாய். இவருக்கு உலகம் சுற்றவேண்டுமாம். நானும் அவரும் மட்டும், ஒரு வருடம். துறைமுகத்துப் பக்கம் இவர் வேலை செய்த பண்டகசாலையைப் போன மாதம் மூடிவிட்டார்கள். கையில் கொஞ்சம் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். வேறு மனிதர் என்றால் அடுத்த நாளே வேலை தேடப் போயிருப்பார். இவர் ஒரு உலகப்படம் வாங்கி வந்து குசினிச் சுவரில் ஒட்டினார். இப்போது கறிக்கு உப்புப் பார்க்கிற நேரமும் அவுஸ்திரேலியா என் மூக்குக்கு நேரே தொங்குகிறது.

ஜோன் டலோன் வீதியில் டிக்கெட் விற்கிறவரிடமும் கூட்டிக்கொண்டு போனார். உலகம் சுற்றுவதற்கென்றே ஒரு டிக்கெட் இருக்கிறதாம். கிழக்கே புறப்பட்டால் கிழக்கே மட்டுந்தான் போகவேண்டும், ஒரு வருடத்துக்குள் வீடு திரும்பவேண்டும். "ஒரு இடத்தைத் தாண்டினால் தாண்டினதுதான் அக்கா, கிறுகி வர ஏலாது" என்று அவர் எனக்கு விளக்கம் சொன்னார். தங்குவதற்கு ஹோட்டலும் வேண்டாம். லண்டனில் என் அண்ணை, சுவிஸில் நீ, மதராசில் இவருடைய அக்கா, சிட்னியில் சித்தப்பா. நாடு எங்களை உதறி எறிந்ததில் இப்படியும் ஒரு வசதி.

எனக்குப் பயம், றோசா. விமானம் என்றால் பயம். சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் ஒரு வருடம் லீவு கேட்கப் பயம். எல்லாவற்றுக்கும் மேலே, இவரோடு ஒரு வருடம் தனியே இருக்கப் பயம். சிரிக்காதே. இந்த நாட்டில் பத்து வருடமாக நாங்கள் குசினி வாசலில்தான் குடும்பம் நடத்தினோம். நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற, இவர் இரவு வேலைக்குச் சப்பாத்துப் போடுவார். நான் விடிய எழும்பிப் போன பிறகு வந்து படுப்பார். ஞாயிறும் ஓவர்டைம். கடின உழைப்பாளி என்று ஊரெல்லாம் பெயர். மகள் லோஜினியும் படிக்க ரொறொன்ரோ போய்விட்டாள். இனி எங்களுக்கு நடுவே கதைக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதம் இங்கே பனிமழை பெய்ததை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். மரமெல்லாம் கண்ணாடி பூசியதுபோல் நின்று மளமளவென்று முறிந்தன. மின்சாரம் போய்விட்டது, தொழிற்சாலையும் பூட்டு. வீட்டுக்குள் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு இருந்தோம். இவர் பழக்கத்தை விடாமல் பகலில் படுத்தார். அப்போதுதான் நான் இந்த நாட்டுக்கு வந்தபிறகு இவர் நித்திரை கொள்வதை முதன்முறையாகப் பார்த்தேன். என்ன கூத்து என்று நினைக்கிறாய்? கண்ணைத் திறக்காமல் எழும்பி இருந்து, தலையை ஆட்டிக்கொண்டு, "அல்பேட், அல்பேட்" என்கிறார். எழுப்பினால் ஒன்றும் நினைவில்லை என்கிறார். கட்டின பெண்சாதியின் பெயர் கனவிலும் வரவில்லை, உன் புருசனின் பெயர் வருகிறது. என்ன பாசமோ.

படத்தில் உங்கள் பேர்ண் நகரத்துக்கு ஊசி குத்துகிறார், பிறகு கழற்றுகிறார், திரும்பவும் குத்துகிறார். குளிருக்குப் பயப்படுகிறார் போல. மொன்றியலில் இருந்துகொண்டு சுவிஸ் குளிருக்குப் பயப்படும் மனிதரை நீ கண்டிருக்கிறாயா? பதில் போடு. ஆனியில் வந்தால் உங்களுக்கு வசதிப்படுமா என்றும் எழுது.

உன் அன்பான,
பாலா


மொன்றியல்,
08.03.1998

அன்பு றோசா,

உன் கடிதம் கிடைத்தது. சுகம் விசாரிக்கவில்லை, கையெழுத்தும் வைக்கவில்லை. ஒரேயொரு கேள்வி. "தலையை எப்படி ஆட்டினார்? பக்கவாட்டிலா, மேலும் கீழுமா?"

வேலைக்குப் போகிற பஸ்ஸில் அதைப் படித்தேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. இவளுக்கு என்ன வந்தது, இதை ஏன் கேட்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அந்தச் சொல் வந்தது. தலையாட்டி. பஸ் தொழிற்சாலையைத் தாண்டிப் போய்விட்டது, எனக்கு மணி அடிக்கக் கை வரவில்லை.

நீ ஒரு நாளும் மறந்திருக்க மாட்டாய். நான்தான் மறந்துபோய் விளையாட்டாக எழுதினேன். எண்பத்தைந்தில் ஆமிக்காரர் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்களையெல்லாம் திடலில் வரிசையாக நடக்கவிட்டார்கள். ஜீப்பில் ஒருவனை இருத்தி, முகத்தைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையை மேலும் கீழும் ஆட்டினால் எதிரே நிற்பவனை லொறியில் ஏற்றுவார்கள். அல்பேட் அண்ணையை அப்படித்தான் ஏற்றினார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு காது கேளாமல் திரும்பி வந்தார். சாக்குக்குள் இருந்தது யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இவரை அதற்கு ஒரு கிழமை முன்னரே பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். சுற்றிவளைப்பு நடந்த அன்றே விட்டார்கள். நல்ல காலம் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். இவர் அடுத்த நாளே கொழும்புக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து, பிறகு என்னைக் கூப்பிட்டார்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. மேலும் கீழுந்தான், றோசா.

ஆனால் நான் இன்னும் இவரைக் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. சோறு போடுகிறேன், அவர் சாப்பிடுகிறார், நான் அவருடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கனவுதானே, யாருக்கும் எதுவும் வரலாம் என்று எனக்கு நானே சொல்கிறேன். பிறகு அதை நானே நம்பவில்லை. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், நான் கேட்டு எழுதும்வரை அல்பேட் அண்ணைக்கு ஒன்றும் சொல்லாதே.

பாலா


மொன்றியல்,
19.04.1998

அன்பு றோசாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பதில் கேட்கும் உரிமை எனக்கும் இல்லை. ஆனாலும் இதைக் கடைசிவரை படி. கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

கேட்டுவிட்டேன். வீட்டுக்குள் கேட்கத் துணிவு வரவில்லை. சனிக்கிழமை உடுப்புத் தோய்க்கும் கடைக்கு இருவரும் போயிருந்தோம். இயந்திரங்கள் எல்லாம் சுழன்று இரைந்துகொண்டிருந்தன, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. அல்பேட் அண்ணையைக் காட்டிக்கொடுத்தது நீங்களா என்று கேட்டேன். இவர் "ஓம். இல்லை. எனக்குத் தெரியாது பாலா" என்றார். மூன்று பதிலும் ஒரே மூச்சில் வந்தன.

அந்தக் கிழமை முழுவதும் இவரை நித்திரை கொள்ள விடவில்லையாம். நிற்கவைத்தார்களாம், கண் சொருகினால் தண்ணீர் ஊற்றினார்களாம். உன் தெருவில் ஒருவனையாவது காட்டு, இல்லாவிட்டால் உன் பெண்சாதியையும் பிள்ளையையும் இங்கே கொண்டுவருவோம் என்று சொன்னார்களாம். லோஜினிக்கு அப்போது ஏழு வயது. ஒருவனையும் காட்டுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டுதான் ஜீப்பில் ஏறினாராம். சாக்குக்குள் வெக்கை. வரிசை போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இவருக்குக் கண் மங்கி மங்கி வந்திருக்கிறது. அல்பேட் அண்ணை முன்னுக்கு வந்து நின்றது தெரிந்ததாம். அடுத்துத் தெரிந்தது அவரைச் சேட்டில் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. நடுவில் இவருடைய தலை கீழே விழுந்திருக்கிறது.

"ஆட்டினனா, நித்திரை தூங்கினனா? பதின்மூண்டு வருசமா அதைத்தான் யோசிக்கிறன்" என்றார். தூங்கித்தான் விழுந்திருப்பீர்கள் என்று நான் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பேன், நான் பெண்சாதி அல்லவா? இவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்டைக்குப் பின்னேரம் என்னை விட்டவங்கள். சும்மா விடுவாங்களா?" என்று கேட்டார்.

அந்தப் பின்னேரம் உனக்கு நினைவிருக்கும். இவர் வந்துவிட்டார் என்று நான் கோழி அடித்துச் சமைத்தேன். நீ தலைவிரி கோலமாக ஓடிவந்து, முகாமுக்குள்ளே அல்பேட்டைக் கண்டீர்களா அண்ணை என்று இவரைக் கேட்டாய். இல்லை என்றார். நான் உன்னைச் சாப்பிடச் சொன்னேன்.

இங்கே வந்து இரவு வேலையைக் கேட்டு வாங்கியதும் இதனால்தான். பக்கத்தில் படுத்தால், நித்திரையில் உளறுவது என் காதில் விழுந்துவிடும் என்று. சம்பளம் கூடுதல் என்று சொன்னதெல்லாம் பொய். இந்த உலகப் பயணமும் அப்படித்தான். லண்டனும் வேண்டாம், சிட்னியும் வேண்டாம். இவருக்குப் போகவேண்டியிருந்தது பேர்ணில் உங்கள் வீட்டுக்கு மட்டும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பேன் அல்லவா? ஒரு வீட்டுக்குப் போகப் பயந்து உலகம் முழுவதையும் கேட்டிருக்கிறார்.

இப்போது எனக்கு விமானம் பயமில்லை. அல்பேட் அண்ணையின் முகத்தைப் பார்க்கப் பயம். உன்னை இழந்துவிடுவேன் என்று பயம். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். என்னையும் பிள்ளையையும் நினைத்துத்தான் அந்தத் தலை ஆடியதென்றால், அந்த லொறியில் ஏறியிருக்கவேண்டியவள் நான். உன் புருசன் அடிபட்ட நாட்களில் நான் என் பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். இவரை வெறுக்கவும் என்னால் முடியவில்லை, றோசா. முயன்று பார்த்தேன்.

நான் எழுதுவது இவருக்குத் தெரியும், இவ்வளவு எழுதுவேன் என்று தெரியாது. தானே நேரில் வந்து சொல்லவேண்டும் என்கிறார். தூங்கினேன் என்று சொல்லமாட்டாராம். அது தப்பப் பார்ப்பதுபோல் இருக்குமாம். ஆட்டினேன் என்றே சொல்லப்போகிறாராம். "எந்தக் காது கேக்கும் எண்டு றோசாட்டைக் கேட்டு வை. ரெண்டு தரம் சொல்ல என்னால ஏலாது" என்றார். தூங்கி விழுந்ததை இவர் சொல்லமாட்டார் என்பதால்தான் அதை நான் உனக்கு எழுதுகிறேன். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இருவருக்கும் விட்டது.

டிக்கெட் எடுத்தாயிற்று. ஆனி மாதம் லண்டன், அங்கிருந்து சுவிஸ். அதற்குமுன் இதை அல்பேட் அண்ணைக்குச் சொல்வதா வேண்டாமா என்று நீதான் முடிவெடுக்கவேண்டும். வராதே என்று ஒரு சொல் எழுதினால் போதும், வரமாட்டோம். உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இருக்காது. நீ இத்தனை வருடம் வணங்கிய மாதா உன் வீட்டைக் காக்கட்டும். எங்களுக்காக அவளிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வரலாம் என்றால், எங்களைக் கூட்டிப்போக ஸ்டேஷனுக்கு வரவேண்டாம். சமைத்து வைக்கவேண்டாம். படுக்க இடம் வேண்டாம். அல்பேட் அண்ணை அடித்தால் அடிக்கட்டும், இவர் கையைத் தூக்கமாட்டார், நானும் குறுக்கே வரமாட்டேன். கதவை மட்டும் திறக்கச் சொல்லு, றோசா.

உன்
பாலாம்பிகை