கார்ட்டூன் அலுமாரிக்கு ஐந்து நிறங்கள்

நவம்பர் 4, செவ்வாய்

மழை. சைக்கிளில் போய் முழங்கால் வரை ஈரம். டென்மார்க்கின் ஒடென்சே நகரக் காற்றுக்குக் குடை எதற்கு?

நூலகம் திறந்ததும் திறக்காததுமாக ஜெயம் அண்ணை. எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவர், இறைச்சித் தொழிற்சாலையில் இரவு வேலை. கையில் ஒரு டிஸ்க், முகத்தில் நெருப்பு.

"கார்ட்டூன் எண்டு எழுதிக் கிடக்கு, பெடியன் எடுத்தவன். வீட்ட போய்ப் போட்டா கழுத்தை வெட்டுறான்! ஆறு வயசுப் பிள்ளை. அண்டையிலயிருந்து எங்கட கட்டில்லதான் படுக்கிறான், லைட்டை நூர்த்தா அழுறான். நீர் இஞ்ச வேலை செய்யிறீர், றீற்றா. இதுகளைப் பாக்கிறேல்லையே?"

பார்ப்பதில்லைதான். டிஸ்க்கின் பின்பக்க மூலையில் சின்னதாக 15 வயது என்று போட்டிருந்தது. யப்பான் படம் எல்லாவற்றையும் கார்ட்டூன் என்று ஒரே அலுமாரியில், அதுவும் சிறுவர் பகுதியில், அடுக்கி வைத்திருக்கிறோம். வெட்கமாகப் போய்விட்டது.

அவர் போட்ட சத்தத்தில் மேலாளர் கிர்ஸ்டன் அறைக்குள்ளிருந்து வந்தாள். தமிழ் விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கிவிட்டது. திங்களுக்கிடையில் யாராவது தரம் பிரித்தால் சரி, இல்லாவிட்டால் எல்லாம் பெட்டியில், பெட்டி நிலவறையில் என்றாள்.

வியாழக்கிழமைகளில் அந்த அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்து படம் கீறும் பிள்ளைகளை நினைத்தேன். அதில் ஒருத்தி என் மகள் நிரோஷி. வேறெங்கும் வாய் திறக்காதவள், அங்கே மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"நான் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு இதில் அ, ஆ கூடத் தெரியாது. ஏன் சொன்னேன்?

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. இரண்டு பை டிஸ்க் வீட்டுக்கு.

என் திட்டம்: சின்னவர், பெரியவர், இரண்டே பிரிவு. நிரோஷி கேட்டுவிட்டுச் சோபாவில் சரிந்து சிரித்தாள். பதினாறு வயது. டேனிஷில்தான் பதில் சொல்வாள், ஆனால் இன்று நிறையச் சொன்னாள். ஒரு மாதத்துக்கான பேச்சு ஒரே மாலையில்.

எழுதிக்கொண்டது:
கொதோமோ – சின்னப் பிள்ளைகளுக்கு.
ஷோனென் – பொடியன்களுக்கு. சண்டை, போட்டி, நட்பு.
ஷோஜோ – பெட்டைகளுக்கு. மனசு, காதல், மந்திரமும் உண்டு.
செய்னென் – வளர்ந்த ஆண்களுக்கு.
ஜோசெய் – வளர்ந்த பெண்களுக்கு. (எனக்கா? எனக்கென்றும் ஒன்றா?)

முதலில் இது சித்திரக்கதைச் சஞ்சிகைகளை யார் வாங்குவார்கள் என்று பார்த்துப் பிரித்ததாம். கதைகள் படமானபோது பெயரும் கூடவே வந்துவிட்டது.

நல்லது என்று ஷோனென் முழுவதையும் சின்னப் பிள்ளைகளின் குவியலில் வைத்தேன்.

"மோர், நைய்!" என்று கத்தினாள். (டேனிஷில் நைய் என்றால் இல்லை, மோர் என்றால் அம்மா. பதினாறு வருடமாகியும் தயிர் கடைந்த ஞாபகம்தான் வருகிறது.) ஜெயம் அண்ணையின் மகன் பார்த்ததே ஷோனென்தானாம்! பொடியன் என்றால் பத்துப் பதினைந்து வயதுப் பொடியன், ஆறு வயதுக் குழந்தை இல்லை.

நல்லவேளை. இன்னும் பத்துப் பிள்ளைகள் பெற்றோர் கட்டிலுக்குப் போயிருப்பார்கள்.

நவம்பர் 6, வியாழன்

மூட்டம். பால், லீக்ஸ், பாண் வாங்கவேண்டும்.

மதிய இடைவேளையில் யப்பான் கார்ட்டூனின் வரலாறு வாசிப்பு. நூறு வருடத்துக்கு மேலாகிறது, நம்பமுடியவில்லை. தொடக்கத்தில் கரும்பலகையில் சோக்கட்டியால் கீறியும், கடதாசி வெட்டியும் சில நிமிடப் படங்கள். யுத்த காலத்தில் அரசாங்கம் இதையும் விடவில்லை, பிள்ளைகளுக்குப் பிரசாரப் படம். பிறகு வண்ணப் படங்கள். அறுபதுகளில் ரி.வி.க்கு வாரம் ஒன்று. காசும் இல்லை, நேரமும் இல்லை, அதனால் குறைந்த படம் கீறி, வாயை மட்டும் அசைத்து, பின்னணியை இழுத்துச் சமாளித்திருக்கிறார்கள். அந்தச் சமாளிப்பே ஒரு பாணியாகிவிட்டது! பிறகு ரோபோக்கள், விளையாட்டுச் சாமான் வியாபாரம். எண்பதுகளில் வீடியோக் கசெற், வளர்ந்தவர்கள் தங்களுக்கென்றே வாங்கினார்கள். பிறகு உலகம் முழுக்க.

எங்கள் அலுமாரியில் இவ்வளவும் கலந்து கிடக்கிறது.

லீக்ஸ் மறந்துவிட்டேன்.

நவம்பர் 8, சனி

வெயில்! ஆனால் திரைச்சீலை இழுத்துவிட்டுப் படம். மூவரும்.

ஜூட் வேலை முடிந்து பராமரிப்பு இல்லத்திலிருந்து வந்து, "கலியாணம் கட்டி இத்தனை வருஷத்துக்குப் பிறகு கார்ட்டூனோ?" என்றார். சும்மா நின்றார். பிறகு சோபாக் கையில் இருந்தார். பிறகு என்னைத் தள்ளிவிட்டு நடுவில். அது பெட்டைகளுக்கான ஷோஜோ, மேசைப்பந்து ஆடுகிற பெண்ணுக்கும் வயலின்காரப் பொடியனுக்கும் காதல்.

"உவன் ஏன் வாயைத் திறந்து சொல்லாம நிக்கிறான்? சொல்லன்ரா!"

என் கணவர். ரி.வி.யைப் பார்த்து.

நான் ஜோசெய் ஒன்று பார்த்தேன். நாற்பது வயதுப் பெண், வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் வேலை, கார் ஓட்டப் பழகுகிறாள். அவ்வளவுதான் கதை. சோதனையில் இரண்டு தரம் தவறுகிறாள். முதல் தரம் தனியாக வட்டச்சந்தியைக் கடக்கும்போது என் கண் நிரம்பிவிட்டது. பக்கத்தில் நிரோஷி ரிஷ்யூப் பெட்டியை இந்தப் பக்கம் தள்ளினாள்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் ஜெயம் அண்ணையைப் பிடித்தேன். பிழை எங்கள் பக்கம், மன்னிக்கவேண்டும் என்றேன். நாளை வந்து புது ஒழுங்கைப் பார்க்கச் சொன்னேன்.

"நான் ஏன் வர? அதுகளை எறியுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது."

அவர் மனைவி காருக்குள் இருந்து: "போய்ப் பாருங்கோவன். எறிஞ்சா எங்கட பிள்ளை வளந்தாப் பிறகு அவனுக்கும் இல்லையெல்லே."

அண்ணை தலையாட்டியது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

நவம்பர் 10, திங்கள்

காற்று.

ஐந்து நிற ஒட்டிகள், ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் வயது எண் பெரிதாக. நிறம் யாருக்காகச் செய்தது என்று சொல்லும். எண் யாருக்குக் காட்டக்கூடாது என்று சொல்லும். இரண்டும் வேறு வேறு, அதுதான் இவ்வளவு நாளும் எங்களுக்குத் தெரியாமல் போனது. கொதோமோ மட்டும் சிறுவர் பகுதியில். மற்றதெல்லாம் மாடியில்.

கிர்ஸ்டன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். மூன்று மணிக்கு அண்ணை மகனோடு வந்தார். சின்னவன் என் பின்னால் ஒளிந்தான், பிறகு பாண் விற்கும் நரியின் கதையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அண்ணை வயது எண்ணைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், "இது பயமில்லைத்தானே?" என்று என்னைக் கேட்டார்.

"நான் முழுக்கப் பாத்தனான் அண்ணை. நரி ஒருக்காத் தும்மும், அவ்வளவுதான்."

சிரித்துவிட்டார். மாடிக்கும் வந்தார். நீல ஒட்டி போட்ட செய்னென் ஒன்றை எடுத்தார். பெட்டி செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் ஒருவனின் கதை.

"இது ஆருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கோ? கார்ட்டூனோ?" சுற்றிப் பார்த்துவிட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்தார். பதிவு செய்யவேண்டும் என்று வெளியே எடுக்கவைத்தேன்.

கிர்ஸ்டன்: "இருக்கட்டும். நிலவறையில் இடமும் இல்லை." அவளிடமிருந்து இது பெரிய பாராட்டு. நிரோஷிக்குச் செய்தி அனுப்பினேன். இதயம் ஒன்று வந்தது. அம்மாவுக்கு! பச்சை நிறத்தில், ஆனாலும் இதயம்.

நவம்பர் 12, புதன்

முதல் உறைபனி. சைக்கிள் இருக்கையைச் சுரண்டவேண்டியிருந்தது. நாளை ஜூட்டுக்குப் பல் வைத்தியர்.

மதியம் தொலைபேசி. ஜெயம் அண்ணை. குரலைத் தணித்து, யாருக்கோ ஒளித்துப் பேசுவது போல். சின்னவன் மறுபடி என்ன பார்த்துவிட்டான் என்று பதறிப்போனேன்.

"சேச்சே, அவன் இப்ப இரவில தன்ர கட்டில்ல நல்ல நித்திரை. றீற்றா, இது வேற விஷயம். அந்தப் பெட்டிக் கொம்பனிக்காரன், முதலாளியிட்ட வேலையை விடுறன் எண்டு சொல்லப்போறானெல்லே, சொல்லுறானோ இல்லையோ?"

"அது வந்து அண்ணை..."

"வேண்டாம், வேண்டாம், சொல்லாதையும்! இன்னும் நாலு பாகம் கிடக்கு."