நாற்பத்து மூன்று புழுக்களும் நான்காம் எண் வீட்டு பெஞ்சும்

அனுப்புநர்:
ஆறாம் எண் வீட்டுக்காரர்,
நில அளவை அலுவலக வரைவாளர் (ஓய்வு).

பெறுநர்:
சுகாதார ஆய்வாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நான்காம் எண் வீட்டுத் தோட்டத்தை வெட்டி அகற்ற, என் மனுவின் பேரிலேயே தாங்கள் பிறப்பித்த உத்தரவை ரத்து செய்யக் கோருவதும், அத்தோட்டத்துப் பட்டாம்பூச்சிகளில் எனக்குள்ள பங்கைப் பதிவு செய்யக் கோருவதும் – தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் நான் அளித்த புகார் மனு.

மதிப்புக்கும் பொறுமைக்கும் உரிய ஐயா,

1. அடுத்த வீட்டில் குடியிருக்கும் பேருந்து நடத்துநர் அம்மா, தம் வீட்டைச் சுற்றிக் களைகளைக் காடாக வளர்த்துத் தெருவின் சுகாதாரத்தைக் கெடுப்பதாக எழுதியிருந்தேன். வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அனைத்தையும் வெட்டித் தள்ள ஆட்களை அனுப்புவதாகத் தாங்கள் அவர் கேட்டில் அறிவிப்பு ஒட்டியுள்ளீர்கள். என் மனுவில் கண்ட அளவுகள் யாவும் சரியானவை. எருக்கஞ்செடி ஒன்றேகால் மீட்டர், கிலுகிலுப்பைச் செடி தொண்ணூறு சென்டிமீட்டர். ஸ்டூல் போட்டுச் சுவரில் ஏறி நானே நாடா பிடித்து அளந்தேன். காரணம் மட்டும் பொய். சுகாதாரம் ஒன்றும் கெடவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல்.

2. ஆறு ஆண்டுகளாக இத்தெருக் குடியிருப்போர் சங்கத்தின் சிறந்த தோட்டக் கோப்பை என் அலமாரியில்தான் இருந்தது. வெளிநாட்டுப் புல் விரித்து, குரோட்டன்ஸ் வேலியை அளவுகோல் வைத்து வெட்டி, ஓர் இலை உதிர்ந்தாலும் ஓடிப் போய்ப் பொறுக்குகிறவன் நான். அந்த அம்மா குடிவந்ததும் முதல் வேலையாக இருந்த புல்லைக் கொத்திப் போட்டார். இந்த மண்ணில் தானாக முளைக்கிற எருக்கு, தும்பை, கிலுகிலுப்பை, ஆவாரை என்று தேடிப் பிடித்து நட்டார். விளிம்பு உடைந்த சட்டியில் தண்ணீர் வைத்தார். சருகைப் பெருக்கவே இல்லை. சரியான சோம்பேறி என்று சிரித்துக்கொண்டேன். பிறகு தேன்சிட்டு வந்தது, ஓணான் வந்தது, பட்டாம்பூச்சிகள் வந்தன. பள்ளி விட்டுப் போகும் பிள்ளைகள் என் வீட்டைத் திரும்பியும் பாராமல் அங்கே போய் மொய்த்தனர். இந்த ஆண்டுக் கோப்பையும் அங்கே போயிற்று. அதில் அவர் தும்பை விதை போட்டு வைத்திருக்கிறார், ஐயா.

3. கோப்பை போனால் போகட்டும். என் மனைவியும் போய்விட்டார். தவறாக எண்ண வேண்டாம். மாலை நாலரைக்குப் போய் ஏழு மணிக்குத் திரும்பிவிடுவார். அங்கே ஆவாரைச் செடிகளை ஒட்டி, ஒரு காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்த பழைய மர பெஞ்சு ஒன்று உள்ளது. அதில்தான் இருவரும் தேநீர் குடிப்பார்கள். என் மனைவிக்கென்று என் புல்தரையில் நான் வாங்கிப் போட்ட இரும்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்தது இரண்டே முறை. "இங்க என்னத்தைப் பார்க்கறது? ஒண்ணுமே அசைய மாட்டேங்குது" என்று எழுந்து போய்விட்டார். முப்பத்தோரு ஆண்டுகளில் நான் கேட்டிராத சிரிப்பு ஒன்று தினமும் சுவர் தாண்டி வருகிறது. அந்த அம்மா இவரை அக்கா என்கிறார். என்னை சார் என்கிறார். எனவேதான் அகற்ற வேண்டிய பொருட்களின் பட்டியலில் "பழைய மர பெஞ்சு – ஒன்று" என்பதை அடிக்கோடிட்டு எழுதினேன். தாங்களும் அதை விடாமல் உத்தரவில் சேர்த்துவிட்டீர்கள்.

4. என் தோட்டத்தில் எலுமிச்சை மரம் ஒன்று உண்டு. அதன் இலைகளைப் பச்சைப் புழுக்கள் கடித்துக் குதறும். தினமும் காலை ஆறு மணிக்கு, வரைபட வேலைக்கு வைத்திருந்த சின்ன இடுக்கியால் அவற்றைப் பிடுங்கி, சுவருக்கு அந்தப் பக்கம் வீசுவது என் வழக்கம். கொல்ல மனம் வராமல் அல்ல. அந்தக் காட்டுக்குப் போய் அதையும் தின்று தீர்க்கட்டும் என்ற கெட்ட எண்ணம்தான்.

5. கடந்த ஞாயிறன்று அந்த அம்மா என் கேட்டைத் தட்டினார். தோட்டத்தை வெட்ட வேண்டாம் என்று தங்களுக்கு எழுதிய விண்ணப்பத்தில் என் கையெழுத்து வேண்டுமாம். "யாரோ வேலையத்தவங்க புகார் குடுத்திருக்காங்க, சார். நீங்க ஒருத்தர் போட்டா போதும். இந்தத் தோட்டத்துல பாதி உங்களுதுதானே?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையோடு உள்ளே அழைத்துப் போனார். பழைய பெயின்ட் டப்பாவில் ஓர் எலுமிச்சைக் கன்று. அதில் என் புழுக்கள். பக்கத்தில் ஒரு நோட்டு. அதில் தேதி வாரியாக, "ஆறாம் நம்பர் சார் குடுத்தது – 2", "ஆறாம் நம்பர் சார் குடுத்தது – 3" என்று எழுதி, மொத்தம் நாற்பத்து மூன்று. தெருவே வாய்பிளந்து பார்க்கும் அந்தக் கறுப்பு மஞ்சள் பட்டாம்பூச்சிகள் அத்தனையும் என் மரத்து இலையைத் தின்று வளர்ந்தவை. "நான் டூட்டிக்குக் கிளம்புறதுக்குள்ள டாண்ணு ஆறு மணிக்குப் போட்டுடுவீங்க. உங்கள மாதிரி யார் சார் குடுப்பாங்க?" என்றார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பொய் சொல்லி, கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

6. வீட்டில் நிலைமை இன்னும் மோசம். தாங்கள் கொடுத்த மனு ரசீதை என் சட்டைப் பையிலிருந்து என் மனைவி எடுத்துவிட்டார். சண்டை போடவில்லை. துவைக்கும்போது நனைந்துபோன அதை உலர்த்தி, இஸ்திரி போட்டு, என் மேசைமேல் வைத்தார். அன்று முதல் ஐந்து நாள் பேச்சில்லை. ஞாயிறன்று நான் அங்கிருந்து திரும்பி வந்து புழுக் கணக்கைச் சொன்னதும்தான் வாய் திறந்தார். "எனக்கு முன்னாடியே தெரியும். சொன்னா வீசறதை நிறுத்திடுவீங்கன்னுதான் சொல்லலை." ஐயா, சொல்லியிருந்தால் நிறுத்தித்தான் இருப்பேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

7. ஆகவே நான் பணிந்து கேட்பவை:

(அ) வெள்ளிக்கிழமை ஆட்களை அனுப்ப வேண்டாம். என் முதல் மனு பொய் என்று இதன்மூலம் எழுதிக் கொடுக்கிறேன். அதற்குரிய தண்டனையை ஏற்கிறேன்.

(ஆ) புகார் கொடுத்த வேலையற்றவர் யார் என்பதை அந்த அம்மாவிடம் தாங்கள் சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன். வாரம் ஒன்று அவகாசம் வேண்டும்.

(இ) மேற்படி நாற்பத்து மூன்று பட்டாம்பூச்சிகளும் ஆறாம் எண் வீட்டு எலுமிச்சையில் பிறந்தவை என்று தங்கள் பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். அடுத்த ஆண்டு கோப்பை கொடுக்கும்போது சங்கத்தார் அதைப் பார்ப்பது நல்லது.

8. நேற்று மாலை நாற்பத்து நான்காவது புழு கிடைத்தது. அதை நான் வீசவில்லை. இலையோடு கிள்ளி, உள்ளங்கையில் வைத்து, கேட் வழியாகவே நடந்து போய்க் கொடுத்தேன். அந்த அம்மா நோட்டை எடுக்க உள்ளே போனார். என் மனைவி என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆனால் பெஞ்சில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம். என் கணக்கில் நாற்பது சென்டிமீட்டர் இருக்கும்.

வேறு எதை மறந்தாலும், வெள்ளிக்கிழமைக்குள் அந்த பெஞ்சைத் தங்கள் பட்டியலிலிருந்து தயவுகூர்ந்து அடித்துவிடுங்கள்.

தங்கள் பதிலுக்கு வாசலிலேயே காத்திருக்கும்,
ஆறாம் எண் வீட்டுக்காரர்
(கையொப்பம்)

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: நான்காம் எண் வீட்டுக்கு அடுத்த வீடு

இணைப்பு: இஸ்திரி போடப்பட்ட மனு ரசீது – ஒன்று.