கெட்டவனுக்குக் கொடுத்த குரல்

அண்ணே,

இன்று காலை சூலியா தெருவில் ஒரு கடைக்காரர் சர்க்கரைப் பாகில் ஊறிய ஜாதிக்காய் ஜாடியைத் திறந்தார். அந்த வாசனையில் கால் நின்றுவிட்டது. கொட்டகையில் படம் தொடங்குமுன் உங்கள் ஹார்மோனியத்தின் மேலிருந்து ஒரு ஜாதிக்காய்த் துண்டை எடுத்து, என்னைத் திரும்பிப் பாராமலே நீட்டுவீர்கள். "தொண்டைக்கு" என்பீர்கள். அவ்வளவுதான்.

என் முகத்தை நீங்கள் முன்பே வேண்டிய மட்டும் பார்த்திருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் மலேரியாக் காய்ச்சலோடு கிடந்தவர் நீங்கள். என் முகக்கட்டை அவிழ்த்த அன்று எட்டிப் பார்த்து, "இந்தப் பக்கம் ராஜா, அந்தப் பக்கம் ராட்சசன். ஒரே ஆளு ரெண்டு வேசம் கட்டலாம்லா" என்றீர்கள். தண்ணீர்க் குவளையை உங்கள்மேல் எறிந்தேன். "கை நல்லாத்தான் இருக்கு" என்று துடைத்துக்கொண்டீர்கள்.

பகலில் குமாஸ்தா, சனிக்கிழமைகளில் நாடக சபையின் ராஜா. அதுவே என் வாழ்க்கையாக இருந்தது. மேடை விளக்கில் மண்ணெண்ணெய் கசிகிறது என்று நான் சொன்னபோது சபை மானேஜர் மூக்கால் பேசினான்: "வெளக்கு நல்லாத்தான் இருக்கு, போய்க் கீழ நில்லுய்யா." நின்றேன். வெடித்து, முகத்தில் ஒரு பக்கம் வெந்தது. அவன் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. என் வேடத்தைத் தன் மருமகனுக்குக் கொடுத்தான். ஆபீசிலோ என்னை ஆள் பார்க்காத பின்னறைக்கு மாற்றினார்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் மன்னித்துவிடு, மனம் ஆறும் என்றார்கள். நீங்கள் மட்டும், "மன்னிக்காத தம்பி. பத்திரமா வெச்சுக்க, வேலைக்கு ஆகும்" என்றீர்கள்.

என்ன வேலை என்பது பிறகுதான் தெரிந்தது. நீங்கள் வாசித்த கொட்டகையில் ஊமைப் படங்கள் ஓடின. நடுவே வரும் இங்கிலீஷ் எழுத்தைப் படித்துத் தமிழில் கதை சொல்ல ஆள் தேவைப்பட்டது. மாட்டேன் என்றேன். "இருட்டுல நின்னு பேசப் போற. மூஞ்சிக்கா டிக்கெட் வாங்குறான்?" என்று நான் குடியிருந்த டத்தோ கிராமாட்டில் என் வாசலில் நின்று கத்தினீர்கள். அக்கம்பக்கமெல்லாம் கேட்டது.

விளக்கணைந்த பிறகே, துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு திரையருகே வந்தேன். படம் ஓடியது. வாய் திறக்கவில்லை. "ஊமைப் படத்துக்கு ஊமையனையே கூட்டியாந்துட்டான்லா!" என்று ஒருவன் விசிலடித்தான். ஓடிவிட நினைத்தேன். அப்போது திரையில் மீசையை முறுக்கிக்கொண்டு கெட்டவன் வந்தான். நீங்கள் வாசிப்பை நிறுத்திக் கூவினீர்கள்: "தம்பி, ஒங்க மானேஜர் வந்துட்டாரு பாரு!"

என் மூக்கிலிருந்து அவன் குரல் புறப்பட்டது. "வெளக்கு நல்லாத்தான் இருக்கு, போய்க் கீழ நில்லுய்யா!"

கொட்டகை அதிர்ந்தது. அதன்பின் யார் எழுதிய எந்தப் படமானாலும் கெட்டவனின் பேச்சு என்னுடையதாயிற்று. அதற்காகவே ஜனங்கள் வந்தார்கள். ஒரு நாள் மானேஜரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தான். தன் பேச்சைத் தானே கேட்டு, யாரென்று தெரியாமல் வயிறு குலுங்கச் சிரித்தான். அதைப் பார்த்த உங்களுக்குச் சிரிப்புத் தாங்காமல் விரல் வழுக்கிச் சுருதி தவறியது. அவ்வளவு அழகான அபஸ்வரத்தை நான் கேட்டதில்லை.

பேசும் படம் வந்தபின் கொட்டகைக்கு நாம் இருவரும் வேண்டாதவர்களானோம். அதையும் நான் மன்னிக்கவில்லை. சென்ற மழைக்காலத்தில் நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இப்போது நாடகங்களுக்கு வசனம் எழுதுகிறேன். ஒத்திகையில் முகத்தில் துண்டில்லாமல் வெளிச்சத்திலேயே நிற்கிறேன். மானேஜர்மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது, நீங்கள் சொன்னபடி பத்திரமாக.

கெட்டவன் பேசும் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துவிட்டு உங்கள் ஹார்மோனியத்துக்குக் காது கொடுக்கிறேன். உங்கள் விரல் வழுக்காத வரியை அடித்துவிடுகிறேன்.