தகட்டில் எழுதிய ஆயிரம் வாட்

ஆடி 3, ஞாயிறு

விடியலிலேயே மேல்காற்று. கொல்லைத் தகரம் தடதடப்பு. நெஞ்சில் அதைவிடப் பெரிய ஓசை.

உழவர் பெருமக்களே, தாய்மார்களே! ஆயிரம் வாட் என்று விற்ற காற்றாலை அரைக் குதிரைத்திறன் மோட்டாரைக்கூட இழுக்காத அநீதியை எவரிடம் முறையிடுவேன்?

மேடையில் முழங்க வேண்டியது. முடியவில்லை. காரணம் நானே.

வடமதுரையில் தங்கை அமலியின் கத்தரித் தோட்டம். கிணற்றுக்கு மின் இணைப்பு இல்லை. என் சொல்லை நம்பி அய்யலூர்ச் சந்தையில் ஆறு ஆடுகளை விற்றுப் பழைய காற்றாலை வாங்கினாள். விற்றவன் தாடிக்கொம்புச் சாலையில் பழைய பொறிகள் விற்கும் குணா. கொடைக்கானல் விடுதிக் கூரையிலிருந்து இறக்கியதாம். நிறுவிய அன்றே பந்தல், ஒலிபெருக்கி. இறக்கை சுழலுமுன்னரே குணாவுக்குப் பொன்னாடை போர்த்தினேன். அரைமணி நேரப் புகழுரை வேறு.

மூன்று வாரமாயிற்று. மோட்டார் காலையில் சிறிது நேரம் ஓடும். பிறகு மின்கலம் வற்றிவிடும். கத்தரி இலை சுருளத் தொடங்கிவிட்டது.

ஆடி 4

இயற்பியல் ஆசிரியர் சேவியர் காற்றின் வேகம் அளக்கும் கருவியோடு வந்தார். காற்றாலையின் திறன் பொறித்த தகட்டைத் துடைத்தார். 1000-க்குக் கீழே பொடி எழுத்து: நொடிக்குப் பன்னிரண்டு மீட்டர் காற்றில். கருவி காட்டியதோ ஆறு.

"அப்படியானால் ஐந்நூறாவது வர வேண்டுமே?"

"இல்லண்ணே. காத்து பாதியானா கரண்டு எட்டுல ஒண்ணுதான். நூத்தி இருபத்தஞ்சு தேறுனாப் பெருசு. மலைக்காத்து வேற, இங்க அடிக்கிறது வேற."

ஆடியிலேயே இவ்வளவுதான் என்றால் ஐப்பசியில்?

வரப்பில் நின்ற அமலி: "அரை மணி நேரம் மைக்கு புடிச்சீகளே, அரை நிமிசம் அந்தத் தகட்டப் படிக்கக் கூடாதாண்ணே?"

கோயில் கோயிலாய்க் கல்வெட்டு படித்துப் பேசும் கண் எனக்கு! வெட்கம்.

கேட்டிருக்க வேண்டியவை: எந்தக் காற்றில் ஆயிரம்? எங்கள் வெளியில் எவ்வளவு காற்று? வாங்குமுன் ஓட்டிக் காட்டுவாயா?

மூக்குக்கண்ணாடிக் காது உடைந்தது. நூல் கட்டியாயிற்று.

ஆடி 5

தாடிக்கொம்பு. குணா சிரித்தபடி நாற்காலி போட்டான்.

"நான் பொய் சொல்லலையேண்ணே. தகட்டுல போட்டுருக்குல்ல? கம்பத்த இன்னும் ஒசத்துங்க."

"மலைக்காற்றின் அளவைச் சமவெளியில் விற்றாயே, அது பொய்யில்லையா?"

"மேடையில ஆயிரம் ஆயிரம்னு கத்துனது நீங்கதானண்ணே. நானா?"

உண்மை. அதனால்தான் இந்தக் கொதிப்பு.

அப்போதுதான் சுவரைக் கண்டேன். பொன்னாடை போர்த்தும் என் படம், சட்டமிட்டு.

"ஒங்க படத்தப் பாத்துட்டு ரெண்டு சம்சாரிக தங்க தோட்டத்துக்கும் ஒண்ணு வேணும்னு கேட்டுட்டுப் போயிருக்காக. சாயங்காலம் வாராக."

வீடு வந்து எழுதுகிறேன். சேவியர் கருவியோடு வாசலில் காத்திருக்கிறார். மாலையில் மறுபடி குணாவின் கடை. முதலில் என் தவற்றைச் சொல்வேன், அந்த இருவர் முன்னிலையில். அதன் பின் இவ்வளவே:

குணா! படத்தை இறக்கு. காற்றாலையைக் கழற்றிக்கொண்டு என் தங்கையின் ஆடுகளை மீட்டுக் கொடு. இவர்களுக்கு அந்தப் பொடி எழுத்தை உன் வாயாலேயே படித்துக் காட்டு. இப்பொழுதே!